பரம்பரைச் செல்வமும் பழகும் முறையும்

கதை எழுதுகிறவர்களுக்குப் புதுப் பணக்காரனை உருவாக்குவது சுலபம். வாசலில் ஒரு பெரிய காரை நிறுத்தி, விரல்களில் மூன்று மோதிரங்களை மாட்டி, வேலைக்காரனை ஒருமுறை அதட்ட வைத்துவிட்டால் போதும். வாசகர் ஆளை அடையாளம் கண்டுகொள்வார். தலைமுறை தலைமுறையாகப் பணத்தோடு வாழ்ந்துவந்த குடும்பத்து மனிதனைக் காட்டுவது அப்படி இல்லை. அவன் செய்கிற காரியங்களைவிடச் செய்யாமல் விடுகிற காரியங்களே அவனுக்கு அடையாளம். பணத்தைப் பற்றிப் பேசமாட்டான். குரலை உயர்த்தமாட்டான். புதுத் துணியைப் புதுத் துணி என்று தெரியும்படி உடுத்தமாட்டான். செய்யாத காரியங்களை வைத்துக்கொண்டு கதை பண்ணுவது எப்படி? நம் தொடர்கதைகளில் வரும் ஜமீன்தார்களும் மில் முதலாளிகளும் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவர்களாக இருப்பதற்கு இந்தச் சங்கடமே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. மாடிப்படியில் நின்று கர்ஜிப்பார்கள். அல்லது கடைசி அத்தியாயத்தில் கண்ணில் நீர் மல்க ஏழை மருமகளை ஏற்றுக்கொள்வார்கள். இரண்டுமே பரம்பரைப் பணக்காரர்கள் செய்கிற காரியம் அல்ல.

இந்தச் சங்கடத்தை நேராக எதிர்கொண்டு ஜயித்த நாவல் ஒன்று உண்டு. அமெரிக்க எழுத்தாளர் ஈடித் வார்ட்டன் எழுதிய 'தி ஏஜ் ஆஃப் இன்னஸன்ஸ்'. 'கள்ளம் அறியாத காலம்' என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம். 1920-ல் வெளிவந்தது. புத்தகமாவதற்கு முன்னால் 'பிக்டோரியல் ரெவ்யூ' என்ற பெண்கள் மாதப் பத்திரிகையில் நான்கு இதழ்களில் தொடராக வந்தது. பத்திரிகைத் தொடர் என்றாலே முகம் சுளிக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

கதையைச் சில வரிகளில் சொல்லிவிடலாம். 1870-களின் நியூயார்க். நியூலண்ட் ஆர்ச்சர் நல்ல குடும்பத்து இளைஞன், வக்கீல். மே வெல்லண்ட் என்ற நல்ல குடும்பத்துப் பெண்ணோடு அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகிறது. அதே சமயத்தில் மேயின் ஒன்றுவிட்ட சகோதரி எல்லென், ஐரோப்பாவில் ஒரு போலந்துப் பிரபுவை மணந்து, அந்த வாழ்க்கையைப் பொறுக்க முடியாமல், பிறந்த ஊருக்குத் திரும்பி வருகிறாள். ஆர்ச்சருக்கும் அவளுக்கும் காதல் உண்டாகிறது. காதல் நிறைவேறவில்லை. ஆர்ச்சர் மேயைக் கல்யாணம் செய்துகொண்டு குடும்பம் நடத்துகிறான். அவ்வளவுதான்.

இதைச் சோகக் காதல் கதை என்று சொல்லிப் பெருமூச்சு விடுகிறவர்கள் அநேகம் பேர். நான் அப்படிப் படிக்கவில்லை. கம்பு இல்லை, கத்தி இல்லை, போலீஸ் இல்லை, ஒரு கடுஞ்சொல்கூட இல்லை; வெறும் மரியாதையை வைத்துக்கொண்டே சில குடும்பங்கள் தங்களைக் காப்பாற்றிக்கொண்டு, தங்களுக்கு ஆகாத ஒருத்தியை எப்படி ஊரை விட்டு அனுப்புகின்றன என்பதே இந்த நாவலின் விஷயம். காதல் அந்த விஷயத்தைக் காட்டுவதற்கு ஒரு சந்தர்ப்பம்.

முதலில் இந்தக் குடும்பங்கள் யார் என்று தெரிந்துகொள்ள வேண்டும். இவர்கள் இங்கிலாந்துப் பிரபுக்களைப் போல ராஜா கொடுத்த பட்டத்தோடு இருந்தவர்கள் அல்ல. டச்சுக்காரர்களும் இங்கிலீஷ்காரர்களுமான வியாபாரிகளின் சந்ததி. கப்பல் வியாபாரம், பாங்கு, எல்லாவற்றுக்கும் மேலாக நிலம். நியூயார்க் நகரம் மன்ஹாட்டன் தீவில் வடக்கே வடக்கே வளர, அங்கே முன்னாலேயே நிலம் வாங்கிப் போட்டவர்கள் சும்மா உட்கார்ந்தே குபேரர்கள் ஆனார்கள். அவர்களில் தலையாய ஆஸ்டர் குடும்பத்தின் மூலபுருஷர் ஜான் ஜேக்கப் ஆஸ்டர், ஜெர்மனியில் ஒரு கசாப்புக் கடைக்காரரின் மகன். மிருகத் தோல் வியாபாரத்தில் சம்பாதித்து, அதை நிலத்தில் போட்டு, 1848-ல் சாகும்போது அமெரிக்காவிலேயே பெரிய பணக்காரராக இருந்தார். அவருடைய பேரனின் மனைவிதான், பின்னால் யார் யார் பெரிய மனிதர் என்று நிர்ணயிக்கிற மிஸஸ் ஆஸ்டர். அந்த அம்மாளின் யோசனைக்காரர் வார்ட் மக்காலிஸ்டர், நியூயார்க்கில் கணக்கில் எடுத்துக்கொள்ளத் தக்கவர்கள் 400 பேர்தான் என்று சொல்லிவைத்தார். 1892-ல் பட்டியல் பத்திரிகையில் வந்தபோது அதில் 400 பேர்கூட இல்லை.

ஆகவே 'பழைய பணம்' என்பது அங்கே இரண்டு மூன்று தலைமுறைப் பணம். இது வார்ட்டனுக்கு நன்றாகத் தெரியும். நாவலில் ஆர்ச்சரின் தாயாரே இதைச் சொல்கிறாள். நம்முடைய பாட்டன் முப்பாட்டனெல்லாம் பணம் பண்ண வந்த மரியாதையான வியாபாரிகள், நன்றாகப் பண்ண முடிந்ததால் தங்கிவிட்டார்கள், இதில் பிரபுத்துவம் எங்கே இருக்கிறது என்பது அவளுடைய வாதம். சொல்லிவிட்டு, மூன்றே மூன்று குடும்பங்களுக்கு மட்டும் விலக்குக் கொடுக்கிறாள். அந்த மூன்றில் ஒன்றோடு தனக்கு உறவு உண்டு என்பதை மட்டும் அவள் மறப்பதில்லை.

வயது குறைந்த பணம் தனக்கு வயது அதிகம் என்று காட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதற்கு ஏற்பட்டவைதாம் இந்தப் பழக்கங்கள் அத்தனையும். நாவலில் வருகிற ஒரு சின்னப் பேச்சைச் சொல்கிறேன். விருந்தில் இரண்டு கிழவிகள், இந்தக் காலத்துப் பெண்கள் பாரிஸிலிருந்து உடை வந்ததும் வராததுமாகப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறார்களே என்று அங்கலாய்க்கிறார்கள். அவர்கள் காலத்தில் பாரிஸ் உடையை இரண்டு வருஷம் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் உடுத்துவது முறை. ஒரு சீமாட்டி வருஷத்துக்கு 12 உடைகள் பாரிஸில் வொர்த் என்ற பிரபல தையல்காரரிடமிருந்து தருவிப்பாள். அவள் நோய்வாய்ப்பட்டு இறந்தபோது, மெல்லிய காகிதச் சுற்றுக்கூடப் பிரிக்காமல் 48 உடைகள் பெட்டியில் இருந்தனவாம். துக்கம் கழிந்ததும் பெண்கள் அவற்றைப் போட்டுக்கொண்டு போனார்கள். மோஸ்தருக்கு முந்திக்கொண்டு ஓடுகிறார்கள் என்று யாரும் சொல்ல இடம் இல்லாமல் போயிற்று.

படிக்கும்போது சிரிப்பு வருகிறது. கொஞ்சம் யோசித்தால் இதில் உள்ள கணக்குப் புரியும். பாரிஸ் உடையைப் புதுப் பணக்காரியும் வாங்கலாம்; இன்றைக்கே வாங்கலாம். இரண்டு வருஷத்துக்கு முந்திய பாரிஸ் உடையை இன்றைக்கு உடுத்த வேண்டும் என்றால், இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே பணம் இருந்திருக்க வேண்டும். கடையில் விற்காத ஒரே சரக்கு காலம். பெட்டியில் கிடந்த உடை, பாட்டியிடமிருந்து வந்த வெள்ளிப் பாத்திரம், தாத்தா காலத்துப் பீங்கான், குடும்பத்திலேயே நரைத்துப்போன வேலைக்காரி எல்லாமே அந்தக் காலத்துக்குச் சாட்சி. எளிமை என்று நாம் மெச்சுகிற குணத்தில் பாதி இந்தச் சாட்சி சொல்லும் வேலைதான்.

சாப்பாட்டு விஷயத்தையும் பாருங்கள். ஆர்ச்சர் வீட்டில் விருந்து சுமாராகத்தான் இருக்கும். அங்கே போனால் ஆல்ப்ஸ் மலைக் காட்சியைப் பற்றியும் நல்ல நாவல்களைப் பற்றியும் பேசலாம். வாத்து இறைச்சியும் ஆமைக் கறியும் பழைய ஒயினும் வேண்டும் என்றால் மிங்கட் வீட்டுக்குப் போக வேண்டும். இரண்டும் பெரிய குடும்பங்கள்தாம். இருந்தாலும் நாக்கு ருசியில் அக்கறை காட்டாத குடும்பம் ஒரு படி மேலே. நல்ல சாப்பாடு போட்டு ஆட்களைச் சேர்க்க வேண்டிய அவசியம் தங்களுக்கு இல்லை என்பதை அந்தச் சுமாரான விருந்து சொல்லாமல் சொல்கிறது.

ஆப்பெரா என்ற இசை நாடகத்துக்கு இவர்கள் போகிற கொட்டகைக்கு 'அகாடெமி ஆஃப் மியூஸிக்' என்று பெயர். 1854-ல் திறந்தது. சின்னது, சௌகரியம் போதாதது. அதுவே அதன் பெருமை. தனியறைகள் குறைவாக இருந்ததால் புது ஆட்களுக்கு இடம் இல்லை. இடம் கிடைக்காத வாண்டர்பில்ட் முதலான புதுப் பணக்காரர்கள் சேர்ந்து தங்களுக்கென்று ஒரு பெரிய அரங்கையே கட்டினார்கள். 1883-ல் திறந்த மெட்ரோபாலிட்டன் ஆப்பெராவின் பிறப்பு இதுதான். சில வருஷங்களுக்குள் அகாடெமியில் ஆப்பெரா நின்றுபோயிற்று. பழைய குடும்பங்களும் மெதுவாகப் புது அரங்குக்கே வந்து உட்கார்ந்துகொண்டன. கதவைச் சாத்துவதில் இருக்கும் சாமர்த்தியம், சாத்த முடியாமல் போகும்போது அது எப்போதுமே திறந்திருந்த மாதிரி நடந்துகொள்வதிலும் இருந்தது.

இவ்வளவும் வேடிக்கை. இனிமேல்தான் நாவலின் பலம்.

எல்லென் திரும்பி வந்ததும் அவளுடைய உறவினர் அவளை ஊருக்கு அறிமுகப்படுத்த ஒரு பெரிய விருந்துக்கு அழைப்பு அனுப்புகிறார்கள். பதில்கள் வருகின்றன. இரண்டொருவரைத் தவிர எல்லோரும், வர இயலாமைக்கு வருந்துகிறோம் என்று எழுதியிருக்கிறார்கள். இதில் என்ன கொடுமை என்று கேட்கலாம். வேறு ஒரு விருந்துக்கு ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டோம் என்று ஒரு பொய்க் காரணம் சேர்த்து எழுதுவது அங்கே சாதாரண நாகரிகம். அந்த ஒரு வரியை எல்லோருமாக விட்டுவிட்டார்கள். ஊர் சின்னது, யார் வீட்டில் எந்த இரவு யார் சாப்பிடுகிறார்கள் என்பது சமையற்காரர்களுக்கும் வண்டிக்காரர்களுக்கும்கூடத் தெரியும். ஆகவே காரணம் சொல்லாத வருத்தத்துக்கு ஒரே அர்த்தம்தான் உண்டு: உங்கள் பெண்ணை நாங்கள் பார்க்க விரும்பவில்லை. அவமானப்படுத்தும் சொல் ஒன்றுகூட அந்தக் கடிதங்களில் கிடையாது. நாளைக்கு ஒரு நீதிபதியிடம் காட்டினாலும் குற்றம் கண்டுபிடிக்க முடியாது.

இதை நம் பாணியில் எழுதியிருந்தால் ஓர் அத்தை வாசலில் நின்று கையை நீட்டிப் பேசியிருப்பாள். வாசகருக்குக் கோபம் வரும்; கோபம் வந்தால் ஆறுதலும் வந்துவிடும். வார்ட்டன் ஒரு வரியை எடுத்துவிட்டுச் சும்மா இருக்கிறார். எல்லெனுக்காகக் கோபப்பட நமக்கு ஆள் கிடைப்பதில்லை. யாரைக் கோபிப்பது? யாரும் ஒன்றும் செய்யவில்லையே!

அந்த அவமானத்துக்குப் பரிகாரமும் அதே வழியில் நடக்கிறது. ஊரிலேயே உயர்ந்த வான் டெர் லைடன் தம்பதியிடம் விஷயம் போகிறது. அவர்கள் யாரையும் கண்டிக்கவில்லை. தங்கள் வீட்டுக்கு வந்த ஓர் இங்கிலீஷ் டியூக்குக்கு விருந்து வைத்து, அதற்கு எல்லெனையும் அழைக்கிறார்கள். ஊர் வாயை மூடிக்கொள்கிறது. அந்த விருந்துக்கு எல்லென் தாமதமாக, கைவளையை மாட்டிக்கொண்டே, ஆனால் பதற்றமில்லாமல் உள்ளே வருகிறாள். சாப்பாட்டுக்குப் பிறகு டியூக்கோடு பேசிக்கொண்டிருந்தவள் எழுந்து, கூடத்தைக் கடந்து, ஆர்ச்சர் பக்கத்தில் போய் உட்கார்கிறாள். ஒரு பெண் ஓர் ஆடவனை விட்டு எழுந்து இன்னோர் ஆடவனைத் தேடிப் போவது அந்த ஊரில் கிடையாது; பெண் உட்கார்ந்திருக்க வேண்டும், ஆடவர்கள்தாம் மாறி மாறி வர வேண்டும். அவளுக்கு இந்த விதி இருப்பதே தெரியாது. அந்தச் சில அடிகளை அவள் நடக்கும்போதே, அவள் இந்த ஊரில் நிலைக்கமாட்டாள் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது.

இவர்கள் எதைத்தான் மன்னிக்கமாட்டார்கள்? இதற்குப் பதிலாக வருகிறான் ஜூலியஸ் போஃபர்ட். எங்கிருந்து வந்தவன் என்று தெரியாத பாங்குக்காரன். நல்ல குடும்பத்துப் பெண்ணை மணந்து ஊருக்குள் நுழைந்தவன். வருஷத்தில் ஒரே ஒரு நாள் திறப்பதற்கென்று தனி நடனக் கூடம் வைத்திருக்கிறவன். அவனுக்கு வைப்பு உண்டு என்பதும், அவள் மஞ்சள் நிற வண்டியில் ஊர்வலம் போவதும் எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைப் பேசுவதில்லை. அவன் வீட்டு விருந்தையும் தவறவிடுவதில்லை. ஒரு நாள் அவனுடைய பாங்கு மோசடியில் முறிகிறது. அன்றோடு அவன் செத்தவனுக்குச் சமம். அவன் மனைவி, தன் உறவினளான கிழவி மிஸஸ் மிங்கட்டிடம் போய், குடும்பம் கைவிடக் கூடாது என்று கெஞ்சுகிறாள். கிழவி மறுத்துவிடுகிறாள், அன்றிரவே பக்கவாதம் வருகிறது.

பெண் விஷயத்தில் கண்ணை மூடிக்கொண்டவர்கள் பண விஷயத்தில் இவ்வளவு கண்டிப்பு என்றால் இது வேஷம்தானே என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடலாம். நான் அவ்வளவு அவசரப்படமாட்டேன். பிறர் பணத்தில் கை வைக்காதவன் என்ற பெயரை அவர்கள் உண்மையாகவே உயிருக்கு மேலாக மதித்தார்கள். அது நல்ல குணம்தான். ஆனால் பணத்தைப் பற்றிப் பேசுவதே அநாகரிகம் என்று வாழ்ந்த இந்த மனிதர்களுக்கு, அஸ்திவாரம் பணம் என்பது நன்றாகத் தெரியும் என்பதையும் அந்தக் கண்டிப்பே காட்டிக்கொடுத்துவிடுகிறது. வீட்டில் எது இருந்தால் பேசவேண்டாமோ அதுதான் வீட்டைத் தாங்குகிறது.

நாவலின் சிகரம் 33-ம் அத்தியாயம். எல்லென் ஐரோப்பாவுக்குத் திரும்புகிறாள். மே, கல்யாணமான பிறகு தன் முதல் பெரிய விருந்தை, அவளை வழியனுப்புவதற்காகவே வைக்கிறாள். பூக்கள், மெழுகுவத்திகள், அச்சடித்த உணவுப் பட்டியல், வெளியிலிருந்து அமர்த்திய சமையற்காரன், ஒன்றிலும் குறைவில்லை. எல்லென்மேல் எல்லோரும் அன்பைப் பொழிகிறார்கள். ஆர்ச்சர் மேஜையைச் சுற்றிப் பார்க்கிறான். திடீரென்று அவனுக்கு விளங்குகிறது: இங்கே இருக்கிற ஒவ்வொருவரும் தன்னையும் எல்லெனையும் கள்ளக் காதலர்கள் என்று பல மாதங்களாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், இது அவர்களைப் பிரித்ததற்கான வெற்றி விருந்து, தன் மனைவியும் அவர்களில் ஒருத்தி. இவ்வளவு சாந்தமாக மனிதர்களை ஒழிக்க முடியும் என்று அவன் அன்றுதான் அறிகிறான். விருந்து முடிந்து எல்லோரும் போனபின் மே தன் சமாசாரத்தைச் சொல்கிறாள். அவள் கர்ப்பமாக இருக்கிறாள். இரண்டு வாரத்துக்கு முன்பு, தனக்கே நிச்சயமாகத் தெரியாதபோது, அதை எல்லெனிடம் உறுதியாகச் சொல்லியிருக்கிறாள். எல்லென் ஊரை விட்டுப் போக முடிவு செய்தது அதனால்தான்.

மே ஒன்றும் அறியாத வெள்ளைப் பெண் என்று ஆர்ச்சர் நினைக்கிறான். பல வாசகர்களும் நினைக்கிறார்கள். இந்தக் கதையில் மிகவும் கெட்டிக்காரி அவள்தான். ஒரு கேள்வி கேட்கவில்லை, ஒரு சண்டை போடவில்லை, கண்ணீர் விடவில்லை. ஒரே ஒரு வார்த்தையை, சரியான ஆளிடம், சற்று முன்னதாகச் சொன்னாள். அவ்வளவோடு அவள் வீடு அவளுக்குக் கிடைத்துவிட்டது. அவளை வில்லி என்றும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேறு எந்த ஆயுதத்தையும் அவளுக்குக் கையில் கொடுத்து வளர்க்கவில்லை. இந்த நாவலை 1993-ல் சினிமாவாக எடுத்தவர் மார்ட்டின் ஸ்கார்செஸி. துப்பாக்கியும் ரத்தமுமாகக் கும்பல்களின் கதைகளை எடுத்துப் பெயர்பெற்றவர். அவருக்கு இந்தச் சாப்பாட்டு மேஜை அந்நியமாக இருந்திராது என்று நினைக்கிறேன்.

இங்கே இன்னொரு நாவலை ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்ட் எழுதிய 'தி கிரேட் காட்ஸ்பி', 1925-ல் வந்தது. அதில் புதுப் பணக்காரன் காட்ஸ்பியின் வீட்டுக்குக் குதிரைமேல் வந்த ஒரு பழைய பணக்காரக் கோஷ்டியைச் சேர்ந்த பெண், சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வாருங்களேன் என்று வாய்வார்த்தையாகச் சொல்கிறாள். அதை மறுக்க வேண்டும் என்பது காட்ஸ்பிக்குத் தெரியவில்லை. வருகிறேன் என்று உள்ளே போகிறான். அவன் திரும்பி வருவதற்குள் அவர்கள் குதிரைகளைத் தட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். மாளிகை, கார், தங்கச் சீப்பு எல்லாம் வாங்க முடிந்தவனுக்கு, ஓர் அழைப்பில் இருக்கும் மறுப்பைக் கேட்கிற காது மட்டும் வாங்கக் கிடைக்கவில்லை. ஃபிட்ஸ்ஜெரால்ட் இதை வெளியே நின்று, தோட்டத்து வாசலிலிருந்து எழுதினார். அதனால் அவர் எழுத்தில் ஏக்கம் இருக்கிறது. வார்ட்டன் உள்ளே இருந்தவர். அவருக்கு அழைப்பின் அர்த்தம் பாலோடு புகட்டப்பட்டது.

அவர் 1862-ல் நியூயார்க்கில் ஜோன்ஸ் என்ற பழைய குடும்பத்தில் பிறந்தார். கல்யாணம் ஆகும்வரை நாவல் படிக்க அவருடைய தாயார் அனுமதிக்கவில்லை. பதினொரு வயதில் அவரே ஒரு கதை எழுதத் தொடங்கினார். முதல் வரியிலேயே ஒரு சீமாட்டி, நீங்கள் வரப்போவது தெரிந்திருந்தால் வரவேற்பறையை ஒழுங்குபடுத்தி வைத்திருப்பேனே என்று விருந்தாளியிடம் சொல்கிறாள். தாயார் அதைப் படித்துவிட்டு, வரவேற்பறை எப்போதுமே ஒழுங்காகத்தான் இருக்கும் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். இதை வார்ட்டன் 1934-ல் வெளியிட்ட சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அதே புத்தகத்தில் இன்னொன்றும் சொல்கிறார். அவர் உலகப் புகழ் பெற்ற பிறகும் உறவினர் யாரும் அவருடைய புத்தகங்களைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. புகழவும் இல்லை, இகழவும் இல்லை. குடும்பத்தில் நேர்ந்த ஒரு மானக்கேட்டைப் போல அந்தப் பேச்சையே தவிர்த்தார்கள். எல்லெனுக்கு வந்த மறுப்புக் கடிதங்களை எழுத அவர் எங்கே கற்றார் என்று இனிமேல் நாம் தேட வேண்டியதில்லை.

இவ்வளவு புகழ்ந்த பிறகு என் புகாரையும் சொல்லிவிடுகிறேன். பேசாமல் விடுவதைப் பற்றி இவ்வளவு எழுதியவர், தாமே ஒன்றைப் பேசாமல் விட்டுவிட்டார். இந்தக் குடும்பங்களின் நிலத்திலிருந்து வந்த வாடகை யார் கொடுத்தது? அதே நியூயார்க்கில் இருட்டறைகளில் ஏழைக் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த அடுக்குக் குடியிருப்புகளை, 1890-ல் ஜேக்கப் ரைஸ் புகைப்படங்களோடு புத்தகமாகப் போட்டு ஊரைத் திடுக்கிட வைத்தார். ஆஸ்டர் குடும்பத்து நிலங்களிலும் அத்தகைய குடியிருப்புகள் உண்டு. 'கள்ளம் அறியாத காலம்' அந்தத் தெருப் பக்கம் திரும்புவதே இல்லை. அந்த 48 உடைகளை மடித்து வைத்த வேலைக்காரிக்கு நாவலில் முகம் இல்லை. 1905-ல் வந்த 'தி ஹவுஸ் ஆஃப் மர்த்' என்ற அவருடைய முந்திய நாவலில், லில்லி பார்ட் என்ற அழகி அந்த உலகத்திலிருந்து படிப்படியாக விழுந்து, தொப்பி தைக்கும் பட்டறையில் ஊசியோடு உட்காருகிற வரையில் காட்டினார். அங்கே விலை கொடுத்தவர்களைக் கொஞ்சமாவது பார்க்க முடிகிறது. பின்னால், முதல் உலக யுத்தம் முடிந்த சமயத்தில், பிரான்ஸில் இருந்துகொண்டு, காணாமல் போன தம் ஊரை நினைத்து எழுதும்போது, அந்த ஊரின் சம்பிரதாயம் அவர் பேனாவையும் கொஞ்சம் பிடித்துக்கொண்டது. இதனால் நாவல் பொய்யாகிவிடவில்லை. ஆனால் அந்த மரியாதையின் பிடி எவ்வளவு பலமானது என்பதற்கு, அதைக் கண்டுபிடித்தவரே சாட்சி ஆகிவிட்டார்.

கடைசி அத்தியாயத்தில் 26 வருஷங்கள் ஓடிவிடுகின்றன. மே இறந்துவிட்டாள். ஆர்ச்சருக்கு வயது 57. மூத்த மகன் டல்லஸ், போஃபர்ட்டுக்கும் அந்த மஞ்சள் வண்டிக்காரிக்கும் பிறந்த பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறான். ஊர் சந்தோஷமாக வாழ்த்துகிறது. எந்தக் கோட்டைக்காக எல்லென் பலியானாளோ அது ஒரே தலைமுறையில் இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது. தந்தையும் மகனும் பாரிஸுக்குப் போகிறார்கள். எல்லென் அங்கேதான் இருக்கிறாள். சாவதற்கு முதல் நாள் மே தன்னிடம் சொன்ன ஒன்றை மகன் சொல்கிறான்: மிகவும் ஆசைப்பட்டதை ஒருமுறை அவள் கேட்டதற்காக அப்பா விட்டுக்கொடுத்தாராம். அவள் கேட்கவே இல்லை என்கிறார் தந்தை. எல்லெனுடைய வீட்டு வாசல்வரை போய், மகனை மட்டும் மாடிக்கு அனுப்பிவிட்டு, கீழே பெஞ்சியில் உட்கார்ந்து பலகணியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தனியாக ஓட்டலுக்குத் திரும்பி நடக்கிறார்.

ஏன் மாடி ஏறவில்லை என்று வாசகர்கள் இன்றும் விவாதம் செய்கிறார்கள். காதலின் நினைவைக் காப்பாற்றிக்கொள்வதற்காக என்பது பலருடைய பதில். நாவலிலும் அதற்கு ஆதாரம் உண்டு. எனக்கு வேறு ஒன்றும் தோன்றுகிறது. தடுக்க மனைவி இல்லை, பேச ஊர் இல்லை, விதிகளை எழுதிய கிழவிகள் ஒருவரும் இல்லை. இருந்தும் காலைத் தூக்கிவைக்க அவரால் முடியவில்லை. வெளியே செத்துப்போன சம்பிரதாயம் அவருக்குள்ளே உயிரோடு இருந்தது. அது அவரைக் கெடுத்ததா, மனிதராக்கியதா? நல்ல தகப்பன், நாணயமான மனிதர், ஊருக்கு உழைத்தவர் என்ற பெயரெல்லாம் அவர் அந்த விதிகளுக்குள் வாழ்ந்து பெற்றவைதாமே! வார்ட்டன் இரண்டு பக்கமும் தீர்ப்புச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது இந்த இடத்தில் சரி என்றே நினைக்கிறேன்.

தீர்ப்புச் சொல்ல வேறு ஆட்கள் வந்தார்கள். 1921-ல் இந்த நாவலுக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. நாவலுக்கான அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் வார்ட்டன்தான். அந்தக் காலத்து நிபந்தனைப்படி, அமெரிக்க வாழ்க்கையின் ஆரோக்கியமான சூழ்நிலையையும் உயர்ந்த பழக்கவழக்கங்களையும் காட்டும் நாவலுக்குப் பரிசு தர வேண்டும். நடுவர்கள் சிபாரிசு செய்தது சிங்க்ளேர் லூயிஸ் எழுதிய 'மெயின் ஸ்ட்ரீட்'டை. மேலே இருந்தவர்கள் அதைத் தள்ளிவிட்டு இதைத் தேர்ந்தெடுத்தார்கள். 33-ம் அத்தியாயத்தைப் படித்துவிட்டு, நல்ல பழக்கவழக்கங்கள் என்று மெச்சியிருக்கிறார்கள்! விவரம் தெரிந்தபோது தமக்கு மனம் விட்டுப்போயிற்று என்று வார்ட்டன் லூயிஸுக்கு எழுதினார். லூயிஸ் தம் அடுத்த நாவலான 'பாபிட்'டை 1922-ல் அவருக்கே சமர்ப்பணம் செய்தார்.

அந்தப் பெரியவர்கள் ஏமாந்தது போல ஏமாறுவது சுலபம். மெதுவாகப் பேசுகிறவரைக் கண்டால் மிருதுவானவர் என்றும், பணத்தைப் பேசாதவரைக் கண்டால் பணத்தை நினைக்காதவர் என்றும் முடிவு கட்டிவிடுகிறோம். அப்படிச் சிலர் உண்டு. இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் கதை எழுதுகிறவனுக்கும் படிக்கிறவனுக்கும் அதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. அந்தச் சாந்தமான கூடத்திலிருந்து யார் எழுந்து போக வேண்டியிருந்தது, அவளுக்கு யார் கதவைத் திறந்துவிட்டார்கள் என்று பார்க்க வேண்டும். நாவலைப் படிக்கிறவர்கள் வழியனுப்பு விருந்தை ஒருமுறைக்கு இரண்டு முறையாகப் படிக்கட்டும். இரண்டாம் முறை ஆர்ச்சரை விட்டுவிட்டு, மே எங்கே உட்கார்ந்திருக்கிறாள், யாரோடு பேசுகிறாள், எப்போது சிரிக்கிறாள் என்று மட்டும் கவனித்துக்கொண்டு போகட்டும்.